டிப்ளமோ, பகுதிநேர பி.இ., பதினோரு வருட அனுபவம்: நான் வேல்யூவர் ஆக முடியுமா?

கேள்வி: ஐயா, எனக்கு 33 வயது. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, 2012 முதல் மன்னார்குடியில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவர் இரண்டு வங்கிகளில் பேனல் வேல்யூவர், அதாவது வங்கியின் பட்டியலில் உள்ள சொத்து மதிப்பீட்டாளர். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்து 2023 மே மாதம் பி.இ. சிவில் முடித்தேன். இடத்தைப் பார்ப்பது, அளப்பது, போட்டோ எடுப்பது, ரிப்போர்ட் தயாரிப்பது எல்லாம் நான்தான். சார் கையெழுத்து மட்டும் போடுவார், பல இடங்களை அவர் பார்ப்பதே இல்லை. கைடுலைன் மதிப்பை இரண்டால் பெருக்கு என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு. இனி நானே வேல்யூவராகப் பதிவு செய்ய முடியுமா? முதுகலை படித்தால் சீக்கிரம் ஆகுமா? மூன்று நாள் ஆன்லைன் வகுப்பில் 'அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர்' சான்றிதழ் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது, சேரலாமா? என் அப்பா திருவாரூர் மாவட்டத்தில் பல ஆண்டு வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இதில் வழி உண்டா? இப்போதைக்கு என் விசிட்டிங் கார்டில் என்ன போட்டுக்கொள்ளலாம்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 2023 மே என்ற தேதிதான். அதை வைத்துத்தான் எல்லாக் கணக்கும்.

நம் நாட்டில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விலை சொல்கிற எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு லைசென்ஸ் என்று கிடையாது. எந்தச் சட்டத்துக்காக ரிப்போர்ட் கேட்கிறார்களோ, அந்தச் சட்டம் சொல்கிற பதிவு உங்களிடம் இருக்க வேண்டும். நடைமுறையில் இரண்டு பதிவுகள். ஒன்று, 2013 கம்பெனிகள் சட்டத்தின் 247-ம் பிரிவின் கீழ், 2017-ல் வந்த விதிகளின்படி ஐபிபிஐ என்கிற திவால் மற்றும் நொடிப்பு வாரியம் தருவது. இன்னொன்று, பழைய செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவில் வருமான வரித் துறை தந்து வந்தது. உங்கள் சார் பெயர்ப்பலகையில் எது இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கம் மூத்தவர்கள் பலரிடம் இருப்பது இரண்டாவது. இனி வருகிறவர்களுக்கு முதலாவது இல்லாமல் கதை நடக்காது.

முதலில் ஐபிபிஐ. அதில் நிலம்-கட்டடம், இயந்திரத் தளவாடம், பங்கு-நிதிச் சொத்து என்று மூன்று வகை. உங்களுக்கு முதல் வகை. அதற்குக் கேட்கும் படிப்பு சிவில் இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர், நகரமைப்பு இவற்றில் ஒரு பட்டம், அதற்கு மேல் அந்தத் துறையில் ஐந்து ஆண்டு அனுபவம். இந்த ஐந்து ஆண்டு பட்டத்துக்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. டிப்ளமோக்காரராக நீங்கள் வேலை பார்த்த பதினோரு வருடம் இந்தக் கணக்கில் வராது. கேட்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும், தெரியும். ஆனால் இதைச் சுற்றிப் போக வழி இல்லை. ஆகவே 2028 மே. பகுதிநேரம் என்பதால் பட்டம் செல்லாதோ என்ற பயம் வேண்டாம். விதி கேட்பது சட்டப்படி நிறுவப்பட்ட அல்லது அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம், அவ்வளவுதான். பட்டச் சான்றிதழில் உள்ள தேதிக்கும் உங்கள் அனுபவச் சான்றிதழ் தொடங்கும் தேதிக்கும் இடையே பொருத்தம் இருக்கட்டும். சாரிடம் இப்போதே, 2023-லிருந்து நீங்கள் பட்டதாரிப் பொறியாளராக என்னென்ன வேலை பார்த்தீர்கள் என்று விவரமாக ஒரு சான்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறதா? கையில் வாங்குகிறீர்கள் என்றால் நாளைக்கே மாற்றச் சொல்லுங்கள். அனுபவத்தை யாராவது கேள்வி கேட்டால் உங்கள் பக்கம் பேசப்போவது பாஸ்புக்தான்.

முதுகலை படித்தால் மூன்று ஆண்டு அனுபவம் போதும் என்பது உண்மை. ஆனால் ரியல் எஸ்டேட் வேல்யுவேஷனில் முதுகலை என்றால் இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும் என்கிறது விதியின் இணைப்பு. அந்த மூன்று ஆண்டும் படிப்பு முடிந்த பிறகுதான் தொடங்கும். இரண்டும் மூன்றும் ஐந்து. இன்றைக்கே போய்ச் சேர்ந்தாலும் 2028-ஐத் தாண்டிவிடுவீர்கள், இரண்டு வருடச் சம்பளமும் போய்விடும். படிப்பின் மேல் ஆசை இருந்தால் படியுங்கள், அவசரத்துக்காக வேண்டாம்.

2028-ல் நடக்க வேண்டியது இந்த வரிசையில்தான்: ஆர்விஓ எனப்படும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராக வேண்டும். அவர்கள் நடத்தும் 50 மணி நேர வகுப்பை முடிக்க வேண்டும். அப்புறம் ஐபிபிஐ தேர்வு, அதற்குப் பிறகு அந்த அமைப்பின் பரிந்துரையோடு 'ஃபார்ம் ஏ'யில் விண்ணப்பம். தேர்வில் தேறிய மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி எழுத வேண்டும்.

தேர்வு கணினியில், இரண்டு மணி நேரம். 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழிப்பார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். என்னிடம் கேட்டால், சிவில்காரர்கள் தடுக்கி விழுவது கட்டடக் கணக்கில் இல்லை. தேய்மானம், வாடகை மூலதனமாக்கல் (வாடகையை வைத்துச் சொத்தின் விலையைக் கணக்கிடுவது) எல்லாம் நீங்கள் தினமும் பார்ப்பது. பொருளாதாரம், கணக்குப் பதிவியல், ஒப்பந்தச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம், திவால் சட்டம், காப்பீடு, சுற்றுச்சூழல் என்று ஒரு பெரிய பகுதி இருக்கிறது. பி.இ.யில் இதெல்லாம் தொட்டிருக்கவே மாட்டீர்கள். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். இப்போதிருந்தே சொத்து மாற்றுச் சட்டத்தில் குத்தகை, அடமானம் பற்றிய பிரிவுகளைத் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை படித்து வையுங்கள். தேர்வுக்கு மட்டுமில்லை, நம் பக்கத்து நிலங்களுக்கே அது வேண்டும்.

மூன்று நாள் சான்றிதழ் விஷயம். மேலே சொன்ன வழியைத் தவிர வேறு வழியில் யாரும் யாரையும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஆக்க முடியாது. பயிற்சி வகுப்பு என்ற அளவில் யார் வேண்டுமானாலும் நடத்தலாம், சான்றிதழும் அச்சடிக்கலாம். 'அரசு அங்கீகாரம்' என்ற சொல்லுக்கு அதில் எந்தப் பொருளும் இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல லேசர் அளவுகோல் வாங்குங்கள்.

அப்பாவுக்கு வருவோம். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. செல்வ வரி 2015-லேயே ஒழிக்கப்பட்டாலும், அந்தச் சட்டத்தின் 34ஏபி பதிவு வருமான வரிக் காரியங்களுக்காகத் தொடர்ந்தது. சிவில் பட்டதாரிக்கு அதில் பத்து ஆண்டு அனுபவம் கேட்பார்கள், எனவே உங்களுக்கு அது இன்னும் தூரம். ஆனால் அந்த விதிகளில் விவசாய நிலத்துக்கு என்றே தனி வகை உண்டு. வேளாண் பட்டம் பெற்று ஐந்து ஆண்டு பண்ணை மதிப்பீட்டு அனுபவம் உள்ளவர்கள் ஒரு பக்கம். மாவட்ட ஆட்சியர், துணை ஆட்சியர், நில அளவைப் பொறுப்பு அதிகாரி, பதிவாளர், வேளாண்மை அலுவலர் போன்ற அரசுப் பதவிகளில் குறைந்தது ஐந்து ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர்கள் இன்னொரு பக்கம். திருவாரூரில் நஞ்சையே பார்த்து வேலை செய்த அப்பா அந்த வாசலுக்கு மிக அருகில் நிற்கிறார். ஒரு எச்சரிக்கை: 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பழைய படிவத்தையும் பிரிவு எண்ணையும் நம்பிப் போக வேண்டாம். ஏஜென்ட் யாரிடமும் போகாமல், வருமான வரித் துறை முதன்மைத் தலைமை ஆணையர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, நடைமுறையில் உள்ள படிவத்தையும் விதியையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பணிப் பதிவேட்டின் நகல், எந்த ஆண்டு எந்த வட்டாரம் என்ற விவரம் இரண்டும் கையில் இருக்கட்டும்.

வரி வேலையில் டெல்டாவில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: விற்ற நிலம் வரிக்கு உட்பட்ட சொத்தா, கிராமப்புற விவசாய நிலமா? ஊரின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் நகர எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. இதற்கு உட்பட்டால் அது மூலதனச் சொத்து. தூரத்தை வானில் நேர்க்கோடாக அளக்க வேண்டும். மன்னார்குடிக்கு 2, கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் 6. சாலை வழி சுற்றி வந்த தூரத்தை எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

அந்த 'இரண்டால் பெருக்கு' கணக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கே துரோகம். கைடுலைன் எனப்படும் வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வைக்காகப் பதிவுத் துறை வைத்திருக்கும் அட்டவணை. 2017 ஜூன் 9-ம் தேதி தமிழ்நாடு முழுவதும் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்ப வந்தது, கட்டணம் 2 சதவீதமானது. இந்த இரண்டு தேதியிலும் ஒரே இரவில் உங்கள் ஊர் நிலத்தின் சந்தை விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கியதா, பாதி ஏறியதா? இரண்டால் பெருக்கியவர் ரிப்போர்ட்டில் மட்டும் இறங்கியது, ஏறியது. வங்கி மேலாளர் கேள்வி கேட்காத வரை இந்தக் கணக்கு ஓடும். கடன் வாராக்கடனாகி ஏலத்துக்கு வரும் அன்று யார் கையெழுத்து என்று தேடுவார்கள்.

அதற்குப் பதில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நம் மண்ணில் விலையைத் தீர்மானிப்பது எது என்று பாருங்கள். உரிமையாளர் "மூணு மா" என்பார். ஒரு மா நூறு குழி, குழி 12 அடிக்கு 12 அடி, ஆக 14,400 சதுர அடி. மூன்று மா என்றால் 99 சென்ட். பட்டாவை வாங்கிப் பார்த்தால் 0.38.5 ஹெக்டேர் என்று இருக்கும், அது 95 சென்ட். மீதி நான்கு சென்ட் வாய்க்கால் கரையிலும் பக்கத்து வரப்பிலும் கரைந்திருக்கும். வாய்ச்சொல்லை ரிப்போர்ட்டில் ஏற்றாதீர்கள், பட்டாவை மட்டும் நம்பியும் ஏற்றாதீர்கள். புலப்படத்தை (நிலத்தின் எல்லையும் அளவும் குறித்த சர்வே வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து அளவுகளைச் சரிபாருங்கள். 1979-லிருந்து 1987 வரை நடந்த யுடிஆர் என்கிற நிலப் பதிவேட்டு மேம்பாட்டில் விழுந்த பிழைகள் இன்னும் எத்தனையோ கிராமங்களில் திருத்தப்படாமல் இருக்கின்றன. கூட்டுப் பட்டா என்றால் எந்தப் பகுதி யார் அனுபவத்தில் இருக்கிறது என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் விசாரிக்காமல் திரும்பாதீர்கள்.

அப்புறம் தண்ணீர். ஒரே வருவாய்க் கிராமத்தில் ஒரே விலை என்று பதிவுத் துறை போடும். ஆனால் தலைமடையில் உள்ள வயலுக்கும் கடைமடையில் உள்ள வயலுக்கும் ஒரே விலை தருகிற விவசாயியை நான் பார்த்ததில்லை. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் தண்ணீர் எத்தனை நாளில் அந்த மதகுக்கு வருகிறது, குறுவை போட முடிகிறதா, சம்பா மட்டுமா, போர்வெல் இருந்தால் தண்ணீர் நல்லதா உவர்ப்பா என்பதெல்லாம் விலை. வேதாரண்யம் பக்கம் உவர்ப்பைக் கேட்காமல் விலை எழுதுவது ஆபத்து. வடிகாலையும் பாருங்கள். ஐப்பசி மழையில் மூன்று நாள் தண்ணீர் நிற்கிற வயலைச் சித்திரையில் போய்ப் பார்த்தால் அம்சமாக இருக்கும். கடைசியாக, வயலுக்கு வண்டி போக வழி உண்டா? அறுவடை இயந்திரம் அடுத்தவர் வரப்பைத் தாண்டித்தான் போகணும் என்றால் வாங்குகிறவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்.

நகரத்து வீடுகளில் வேறு சிக்கல். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எந்தக் கோயில் ஊரை எடுத்தாலும், மாட வீதியில் அழகான மாடி வீடு இருக்கும். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் கடன் கேட்பவர் பெயரில். பத்திரத்தை வரிவரியாகப் படித்தால் நடுவில் ஒரு வாக்கியம்: அடிமனை தேவஸ்தானத்துக்குப் பாத்தியப்பட்டது. விற்றது மேல்கட்டுமானம் மட்டும். 1959 இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. அங்கே மனையின் விலையைச் சேர்த்து எழுதினால் அந்த ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் காற்றுதான். நஞ்சையிலும் இதே எச்சரிக்கை: 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி தாலுகா அலுவலகத்தில் குத்தகைதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவான குத்தகைதாரர் உழுகிற நிலத்தை, கைவசம் உள்ள நிலத்தின் விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். இதையெல்லாம் லீகல் ஒப்பீனியன் தரும் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். அவர் காகிதத்தைப் பார்க்கிறார், இடத்தில் நிற்பது நீங்கள்.

பதினோரு வருடம் கணக்கில் வரவில்லையே என்ற வருத்தத்துக்கு இதைத்தான் பதிலாகச் சொல்வேன். 2028-ல் உங்களோடு சேர்ந்து தேர்வு எழுதப்போகும் எத்தனை பேருக்கு அடங்கலும் சிட்டாவும் புலப்படமும் உங்களைப் போலக் கை பழகியிருக்கும்?

கையெழுத்து விஷயம் கொஞ்சம் கடினமானது. நீங்கள் தயாரிப்பதில் தவறில்லை. எல்லா அலுவலகத்திலும் உதவியாளர்தான் முதலில் அளக்கிறார். ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் இடத்தைப் பார்க்காமல், 'நான் நேரில் ஆய்வு செய்தேன்' என்ற வாக்கியத்தின் கீழே போடுகிறார் என்றால் அது பொய் அறிக்கை. சாரிடம் சண்டை போட வேண்டாம். ரிப்போர்ட்டில் 'ஆய்வு செய்தவர்' என்று உங்கள் பெயரையும் தேதியையும் சேர்க்கலாமா என்று கேளுங்கள். நல்லவராக இருந்தால் ஒத்துக்கொள்வார், ஒத்துக்கொண்டால் உங்கள் அனுபவத்துக்கும் அதுவே ஆவணம். மாட்டேன் என்றால் நீங்கள் வேறு அலுவலகம் பார்க்க வேண்டிய நேரம். எந்தச் சூழ்நிலையிலும் அவர் கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள், 'சார் ஊரில் இல்லை, வங்கியில் அவசரம்' என்றாலும்.

நாளைக்கு உங்கள் கையெழுத்து வரும்போது தெரிந்திருக்க வேண்டியது இரண்டு. விலை இவ்வளவு வந்தால் இவ்வளவு கூலி என்று பேரம் பேசக் கூடாது, வாடிக்கையாளர் வசதிக்கு ஏற்ற விலை எழுதக் கூடாது என்று மதிப்பீட்டாளர் நடத்தை நெறியிலேயே இருக்கிறது. இன்னொன்று, உங்களுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ அக்கறை உள்ள சொத்தை மதிப்பிடக் கூடாது. மதிப்பீட்டுக்கு முன்னும் பின்னும் மூன்று ஆண்டுக்கு இது பொருந்தும் என்கிறது 247-ம் பிரிவு. நம் ஊரில் பாதிப் பேர் மாமன் மச்சான் உறவு. சித்தப்பா வயலுக்கு ரிப்போர்ட் கேட்டு வந்தால் காபி கொடுத்து, வேறு வேல்யூவர் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். ஏமாற்றும் நோக்கம் நிரூபணமானால் ஓராண்டு வரை சிறையும், ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு.

ஐபிபிஐ பதிவு வந்ததும் வங்கிகள் தானாகக் கூப்பிடும் என்று நினைக்க வேண்டாம். பேனலில் சேர ஒவ்வொரு வங்கிக்கும் தனி விண்ணப்பம், தனி நிபந்தனை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. வங்கிகள் வாராக்கடனை வசூலிக்கப் பயன்படுத்தும் சர்ஃபேசி சட்டத்தின் 2002 அமலாக்க விதிகள், ஏலச் சொத்துக்கு விலை சொல்லும் 'அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர்' என்று 34ஏபி பதிவு உள்ளவரைத்தான் சொல்லின. 50 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட சொத்துக்கு வங்கிகள் இரண்டு தனித்தனி ரிப்போர்ட் வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2007-ல் சொன்னது. நம் பக்கம் அந்த அளவுக்கு வருவது அரிசி ஆலைகளும் கல்லூரிகளும்தான், அதுவும் எப்போதாவது. உங்கள் முதல் சில வருட வருமானம் வீட்டுக் கடன் ரிப்போர்ட்டுகளில்தான் வரும் என்று எதிர்பார்த்து வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள்.

விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே 'பி.இ. (சிவில்)' என்று போடுங்கள். வேண்டுமானால் 'கட்டடத் திட்டம், மதிப்பீட்டு உதவி' என்று ஒரு வரி. 'அப்ரூவ்டு', 'ரெஜிஸ்டர்டு' இரண்டும் 2028 வரை வேண்டாம். அச்சுக்கடைக்காரர் தானாகவே சேர்த்துவிடுவார், ப்ரூஃப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.